டயட் முடித்த உடலில் தசை ஏற்ற எவ்வளவு சாப்பிட வேண்டும்: முழுமையான வழிகாட்டி

மாதக்கணக்கில் அளந்து சாப்பிட்டு எடையைக் குறைத்த ஒருவர், இனி தசையை வளர்க்கலாம் என்று முடிவெடுக்கும் நாளில் அவர் முன் நிற்கும் கேள்வி, நாளை காலையிலிருந்து எவ்வளவு சாப்பிடுவது என்பதுதான். இந்த இடத்தில் வழி தவறுபவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். குறைத்த எடை திரும்பி வந்துவிடுமோ என்ற பயத்தில் வாரத்துக்கு 50 கலோரி, 100 கலோரி என்று ஏற்றிக்கொண்டே போய், மேலும் இரண்டு மூன்று மாதங்களைப் பற்றாக்குறையிலேயே, அதாவது உடல் செலவழிப்பதைவிடக் குறைவாக உண்டே, கழிப்பவர்கள் ஒரு வகை. தசை வளர வேண்டுமென்றால் நிறையச் சாப்பிட வேண்டும் என்று கேள்விப்பட்டு, அடக்கி வைத்திருந்த பசியை ஒரே நாளில் அவிழ்த்துவிட்டு, ஆறு மாத உழைப்பை ஆறு வாரத்தில் இழப்பவர்கள் மற்றொரு வகை. என் முதல் டயட்டுக்குப் பிறகு நான் இரண்டாவது வகையில் இருந்தேன். அந்த அனுபவமும் அதன்பின் பல ஆண்டுகளாகப் படித்தும் அளந்தும் அறிந்துகொண்டவையும் சேர்ந்ததே இந்த வழிகாட்டி.

நான் பரிந்துரைக்கும் வரிசை இதுதான்: முதலில் பற்றாக்குறையை ஒரே தாவலில் மூட வேண்டும், சில வாரங்கள் அங்கேயே நின்று உடலின் உண்மையான செலவைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்குப் பிறகே, அதுவும் சிறிய அளவில், செலவுக்கு மேல் உண்ணும் உபரியைச் சேர்க்க வேண்டும். இதில் வரும் எண்களை இணையத்தில் கிடைக்கும் கணிப்பான்களிலிருந்து எடுப்பதைவிட, உங்கள் எடைப் பதிவேட்டிலிருந்து எடுப்பதே நம்பகமானது.

டயட் முடிந்த உடல் எந்த நிலையில் இருக்கிறது

எடை குறைந்த உடல் முன்பைவிடக் குறைவாகவே எரிக்கிறது. சிறிய உடலை இயக்கக் குறைந்த ஆற்றல் போதும். குறைவாகச் சாப்பிடுவதால் செரிமானத்துக்கு ஆகும் செலவும் குறைகிறது. இவற்றோடு, நாம் அறியாமலேயே நம் அசைவுகளும் குறைந்துவிடுகின்றன. படியேறத் தோன்றாது, நின்றுகொண்டு பேசியவர் உட்கார்ந்துவிடுவார், காலாட்டுவதுகூட நின்றுபோகும். இத்தனையையும் கழித்த பிறகும், எடைக்கேற்ப எதிர்பார்க்கக்கூடிய அளவைவிடச் சற்றே குறைவான செலவில் உடல் ஓடப் பழகியிருக்கிறது. கொழுப்புத் திசுக்கள் சுரக்கும், பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டின் குறைந்திருப்பதாலும், வயிற்றில் சுரக்கும், பசியைத் தூண்டும் ஹார்மோனான கிரெலின் கூடியிருப்பதாலும் பசி வழக்கத்தைவிட மிகையாக இருக்கும். இதை மன உறுதிக் குறைவு என்று எண்ணி யாரும் தன்னைத்தானே திட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

இந்தப் பசி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு சாட்சி. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1944இல் தொடங்கிய ஆய்வில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 தன்னார்வலர்களை 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்கள் தங்கள் எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்தார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் அவர்களில் பலர் வயிறு நிறைந்த பின்னும் பசி அடங்காமல் உண்டார்கள். இழந்த கொழுப்பு, இழந்த தசையைவிட வேகமாகத் திரும்பி, பழைய அளவையும் தாண்டியது. சாதாரண டயட் அவ்வளவு கொடுமையானது அல்ல என்றாலும் திசை அதே திசைதான். முதல் சில வாரங்களுக்குத் திட்டம் வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணமும் இதுவே.

முதல் படி: உங்கள் பராமரிப்புக் கலோரியைப் பழைய பதிவிலிருந்து எடுங்கள்

எடை ஏறாமலும் இறங்காமலும் இருக்கத் தேவையான தினசரி உணவின் அளவே பராமரிப்புக் கலோரி. டயட்டின் கடைசி மூன்று நான்கு வாரங்களில் எவ்வளவு சாப்பிட்டீர்கள், எடை எவ்வளவு இறங்கியது என்ற இரண்டும் எழுதி வைக்கப்பட்டிருந்தால், பராமரிப்பு அளவு அந்தத் தாளிலேயே இருக்கிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பு சுமார் 7,700 கலோரிக்குச் சமம் என்பதை வைத்துக் கணக்கிடலாம்.

28 வயது, 172 சென்டிமீட்டர் உயரம் கொண்ட ஓர் ஆண் 80 கிலோவிலிருந்து 70 கிலோவுக்கு இறங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைசி நான்கு வாரங்களில் நாளொன்றுக்கு 1,800 கலோரி உண்டு, வாரத்துக்குச் சராசரியாக 0.45 கிலோ இழந்தார். 0.45ஐ 7,700ஆல் பெருக்கினால் 3,465. ஏழு நாளுக்கு வகுத்தால் 495. அதாவது அவர் தினமும் ஏறத்தாழ 500 கலோரி பற்றாக்குறையில் இருந்திருக்கிறார். அவருடைய பராமரிப்பு அளவு 2,300 கலோரியை ஒட்டி இருக்கிறது.

பதிவு இல்லாதவர்கள், ஓய்வில் உடல் எரிக்கும் கலோரியைக் கணிக்கும், 1990இல் வெளியான மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரத்தைத் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளலாம். கிலோவில் எடையை 10ஆல் பெருக்கி, சென்டிமீட்டரில் உயரத்தை 6.25ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டி, வயதை 5ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். வரும் எண்ணோடு ஆண்கள் 5ஐக் கூட்ட வேண்டும், பெண்கள் 161ஐக் கழிக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டு மனிதருக்கு 1,640 வருகிறது. உட்கார்ந்த வேலையோடு வாரம் மூன்று நான்கு நாள் எடைப்பயிற்சி செய்பவர் இதை 1.4 முதல் 1.5 வரையான ஓர் எண்ணால் பெருக்குவது வழக்கம்; 1.5ஆல் பெருக்கினால் 2,460. பதிவேடு 2,300 என்கிறது, சூத்திரம் 2,460 என்கிறது. டயட் முடித்த உடலுக்குச் சூத்திரம் சற்றுத் தாராளமாகவே கணிக்கும் என்பதால், அதை மட்டுமே நம்பித் தொடங்குபவர்கள் வரும் எண்ணில் 5 விழுக்காட்டைக் கழித்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: பராமரிப்புக்கு ஒரே தாவலில் செல்லுங்கள்

கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் வளர்சிதை மாற்றம் கூடிக்கொண்டே வரும், கொழுப்பு ஏறாது என்ற நம்பிக்கை ஜிம்களில் பரவலாக இருக்கிறது. அதற்கு வலுவான ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. கணக்காகப் பார்த்தால், 500 கலோரி பற்றாக்குறையில் இருப்பவர் வாரத்துக்கு 50 கலோரி ஏற்றினால் பராமரிப்பை அடையவே பத்து வாரம் ஆகும். அந்தப் பத்து வாரமும் அவர் டயட்டில்தான் இருக்கிறார்: தூக்கம் சரியாக வராது, பயிற்சியில் தூக்கும் எடை ஏறாது, பசியும் அடங்காது. தசை கட்ட விரும்புபவருக்கு அது வீணான காலம்.

எனவே 1,800இலிருந்து நேராக 2,300க்குச் செல்லுங்கள். கூட்டும் 500 கலோரியில் பெரும்பகுதியை மாவுச்சத்துக்கும் சிறு பகுதியைக் கொழுப்புக்கும் கொடுங்கள்; 100 கிராம் மாவுச்சத்தும் 11 கிராம் கொழுப்பும் சேர்ந்தால் கணக்கு சரியாக வந்துவிடும். டயட் காலத்தில் புரதம் பெரும்பாலும் போதிய அளவில்தான் இருந்திருக்கும். அதை அப்படியே விடலாம். உணவு வகைகளையும் உண்ணும் நேரங்களையும் முதல் இரண்டு வாரங்களுக்கு மாற்றாதீர்கள். பழகிய தட்டிலேயே அளவு கூடுவது நல்லது; விலக்கி வைத்திருந்த எல்லாத் தின்பண்டங்களும் ஒரே வாரத்தில் வீட்டுக்குள் வந்தால், மிகைப்பட்டிருக்கும் பசிக்கு அதைவிடக் கடினமான சோதனை வேறில்லை.

மூன்றாம் படி: எடைக்கருவி காட்டும் ஏற்றத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்

பலர் பின்வாங்குவது இந்தப் படியில்தான். பராமரிப்புக்கு வந்த முதல் வாரத்தில் எடை ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை ஏறலாம். என் பதிவேட்டில் ஒரு முறை இப்படி இருந்தது: ஞாயிறு 68.4, திங்கள் 68.9, செவ்வாய் 69.3, புதன் 69.8, வியாழன் 69.7. புதன்கிழமை காலை அந்த எண்ணைப் பார்த்துவிட்டு இரவு உணவைப் பாதியாகக் குறைத்தேன்; மறுநாள் பயிற்சியில் வழக்கமான எடையைக்கூடத் தூக்க முடியவில்லை. அன்று இல்லாதிருந்த புரிதலை இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

மாவுச்சத்து தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைக்கிறது. டயட்டில் பாதி காலியாகிக் கிடந்த கிடங்கு 300 கிராம் நிரம்பினாலே, நீரோடு சேர்த்து 1.2 கிலோ கூடிவிடும். உணவின் அளவு கூடியதால் குடலில் தங்கியிருக்கும் எடையும், உப்பு கூடியதால் உடல் தக்கவைக்கும் நீரும் இதன் மேல் சேரும். இதைக் கொழுப்பு என்று சந்தேகிப்பவர் ஒரு பெருக்கல் போட்டுப் பார்க்கட்டும். 1.4 கிலோ கொழுப்பு சேர 10,780 கலோரி உபரி வேண்டும். நான்கு நாளில் அது ஏற வேண்டுமென்றால் நாளொன்றுக்குப் பராமரிப்புக்கு மேல் 2,700 கலோரி உண்டிருக்க வேண்டும். நீங்கள் உண்டதோ பராமரிப்பு அளவு மட்டுமே.

இந்த ஏற்றம் உங்களுக்கு வேலை செய்யப்போகும் ஏற்றம். கிளைகோஜன் நிரம்பிய தசையால் கூடுதலாக ஒன்றிரண்டு ரெப் எடுக்க, அதாவது எடையை ஒன்றிரண்டு முறை கூடுதலாகத் தூக்கி இறக்க, முடியும். அந்த ரெப்களே பின்னர் தசையாகின்றன.

நான்காம் படி: இரண்டிலிருந்து நான்கு வாரம் அங்கேயே நில்லுங்கள்

காலையில் எழுந்து, கழிப்பறை சென்று வந்த பிறகு, எதுவும் உண்பதற்கு முன் எடை பாருங்கள். தினமும் பாருங்கள், ஆனால் ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். முதல் வாரத்தின் ஏற்றத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இரண்டாம், மூன்றாம் வாரச் சராசரிகள் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் உங்கள் பராமரிப்பு எண் உறுதியாகிவிட்டது. மாதவிடாய் சுழற்சியில் உடல் நீர் ஏறி இறங்கும் பெண்கள், ஒரு வாரத்தை அடுத்த வாரத்தோடு ஒப்பிடுவதைவிட, முந்தைய சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுவதே சரி.

சிலருக்கு இந்தக் காலத்தில் எடை மெல்ல இறங்கத் தொடங்கும். நன்றாகச் சாப்பிடுவதால் உடல் மீண்டும் அசையத் தொடங்கிவிட்டது, பராமரிப்பு அளவே உயர்ந்துவிட்டது என்பது அதன் பொருள். நம் எடுத்துக்காட்டு மனிதர் இரண்டாம் வாரம் 71.6, மூன்றாம் வாரம் 71.5, நான்காம் வாரம் 71.4 கிலோ என்று காட்டினால், அவருடைய பராமரிப்பு 2,400 கலோரியை ஒட்டி இருக்கிறது என்று திருத்திக்கொள்ளலாம். எந்தச் சூத்திரமும் சொல்லியிருக்க முடியாத இந்த எண்ணுக்காகவே இத்தனை வாரம் காத்திருக்கிறோம்.

மிகவும் மெலிந்த நிலைக்குப் போனவர்கள், தூக்கம் கெட்டவர்கள், எப்போதும் குளிர்வதாக உணர்பவர்கள், பாலுணர்வு குன்றியவர்கள் இந்தக் கட்டத்தை நீட்டிப்பது நல்லது. டயட்டின்போது மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்கு உடல் ஆற்றல் பற்றாக்குறையை வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது; அவர்கள் எடையைப் பற்றி யோசிப்பதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பல நாள் ஏறத்தாழ எதுவுமே உண்ணாமல் இருந்தவர்களும், மிகக் குறுகிய காலத்தில் மிகையாக எடை இழந்தவர்களும் இந்த வழிகாட்டியின்படி தாங்களாகவே உணவை உயர்த்தக் கூடாது. அத்தகைய உடலில் உணவு திடீரெனக் கூடும்போது இரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் ஆபத்தான அளவுக்குச் சரியக்கூடும். மருத்துவக் கண்காணிப்பு அவர்களுக்குக் கட்டாயம். சிறுநீரக நோய் உள்ளவர்களும் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் புரதம், மாவுச்சத்து அளவுகளை மாற்றுமுன் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடைப்பயிற்சிக்குப் புதியவர்களுக்கும், டயட்டுக்குப் பின்னும் கணிசமான கொழுப்பு மீதம் உள்ளவர்களுக்கும் ஒரு சொல்: பராமரிப்பிலேயே உங்களுக்குத் தசை வளரும். பயிற்சியில் தூக்கும் எடை வாராவாரம் ஏறிக்கொண்டிருக்கும்வரை அடுத்த படிக்கு அவசரப்பட வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: உபரியைச் சிறிதாகத் தொடங்குங்கள்

பராமரிப்புக்கு மேல் 10 விழுக்காடு, அதாவது பெரும்பாலோருக்கு 200 முதல் 300 கலோரி வரை, தொடக்கத்துக்குப் போதும். நம் மனிதருக்கு 2,400 கலோரியோடு 250 சேர்த்து 2,650.

இது மிகக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் ஒரு நாளில் உடல் கட்டக்கூடிய தசைக்கு ஓர் எல்லை உண்டு. பயிற்சியும் ஓய்வும் மரபும் அந்த எல்லையைத் தீர்மானிக்கின்றன, உணவால் அதைத் தள்ள முடியாது. எல்லைக்கு மேல் வரும் ஆற்றலில் பெரும்பகுதி கொழுப்பாகவே சேரும். நார்வேயின் உயர்நிலை விளையாட்டு வீரர்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வில், திட்டமிட்டு அதிகம் உண்ட குழுவுக்குக் கொழுப்பு தெளிவாகவே கூடியது. தசையிலோ, விருப்பப்படி உண்ட குழுவைவிட உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. டயட்டை இப்போதுதான் முடித்தவருக்குப் பசியும் சேர்ந்து தள்ளும் என்பதால், சிறிய உபரியே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

ஒரே உபரி எல்லோரிடமும் ஒரே விளைவைத் தராது என்பதையும் நினைவில் வையுங்கள். 1999இல் ஜேம்ஸ் லெவின் குழுவினர் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவருக்கு அரைக் கிலோவுக்கும் குறைவாகவே கொழுப்பு ஏறியது. இன்னொருவருக்கு நான்கு கிலோவுக்கு மேல் ஏறியது. கூடுதல் உணவு கிடைத்ததும் சிலர் தம்மையறியாமல் அதிகம் நடமாடி அதை எரித்துவிட்டார்கள். ஆகவே 250 என்ற எண் ஒரு தொடக்கம் மட்டுமே. அது சரியா என்று எடைக்கருவி சொல்ல வேண்டும்.

பயிற்சிக்குப் புதியவர்கள் வாரத்துக்கு உடல் எடையில் 0.5 விழுக்காடு வரை ஏறலாம்; சில ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு 0.25 விழுக்காடு போதும். 71.5 கிலோ எடையுள்ளவருக்கு இது வாரம் 180 முதல் 360 கிராம் வரை.

இவ்வளவு சிறிய உபரியைக் கண்ணளவில் பிடிக்க முடியாது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. பாட்டிலைச் சரித்து வாணலியில் ஊற்றும்போது ஒரு கரண்டி இரண்டாவதும் இரண்டு மூன்றாவதும் யாருக்கும் தெரியாது; ஆனால் இரண்டு கரண்டி எண்ணெயிலேயே அன்றைய உபரி முழுவதும் முடிந்துவிடுகிறது. சமையலறைத் தராசில் வாணலியை வைத்து, அது காட்டும் அளவைப் பூஜ்யமாக்கிவிட்டு எண்ணெயை ஊற்றுங்கள். எண்ணெய், கொட்டை வகைகள், வெண்ணெய், பாலாடை இவற்றை மட்டும் எடைபோட்டாலே கணக்கில் வரும் பிழையின் பெரும்பகுதி நீங்கிவிடும். காய்கறியை கிராம் கணக்கில் நிறுத்த வேண்டிய தேவை இல்லை.

ஆறாம் படி: கலோரியைச் சத்துகளாகப் பிரியுங்கள்

புரதத்தை முதலில் முடிவு செய்யுங்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் போதுமானது, 2.2 கிராமுக்கு மேல் போவதால் தசைக்குக் கூடுதல் பயன் இல்லை. நம் மனிதருக்கு 130 கிராம், அதாவது 520 கலோரி. அடுத்து கொழுப்பு: கிலோவுக்கு ஒரு கிராம் அளவில் 70 கிராம், அதாவது 630 கலோரி. டயட் காலத்தில் கொழுப்பை மிகவும் குறைத்திருந்தவர்கள் இதைக் குறைந்தது 0.8 கிராமுக்காவது உயர்த்துவது நல்லது. மீதி 1,500 கலோரியும் மாவுச்சத்துக்கு. அது 375 கிராம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் வரும் வேளைகளில் அதன் பெரும்பங்கை வைத்தால் பயிற்சியில் உடல் தளராது.

புரதத்தை மூன்றிலிருந்து ஐந்து வேளைகளுக்குள் ஓரளவு சமமாகப் பிரித்தால் போதும். பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் புரதப்பொடி குடித்தே ஆக வேண்டும் என்ற பதற்றம் வேண்டாம். தசைக்கு ஆற்றல் தரும் துணைப்பொருளான கிரியேட்டின் நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் வரை எடுப்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் அதுவும் தசைக்குள் நீரை ஏற்றும் என்பதால், எடையைக் கவனித்துக்கொண்டிருக்கும் வாரங்களின் நடுவே அதைத் தொடங்கினால் கணக்குக் குழம்பிவிடும். பராமரிப்புக் கட்டத்தின் முதல் நாளிலேயே தொடங்கிவிடுங்கள்.

ஏழாம் படி: மூன்று பதிவுகளை வைத்துத் திருத்துங்கள்

எடையின் வாரச் சராசரி, தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவு, பயிற்சியில் தூக்கிய எடையும் ரெப்பும்: இந்த மூன்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் உணவை மாற்ற வேண்டாம். மாற்றும்போது 100 முதல் 150 கலோரிக்கு மேல் போக வேண்டாம்.

எடை இலக்கு வேகத்தில் ஏறுகிறது, தூக்கும் எடையும் ஏறுகிறது, இடுப்பு ஏறத்தாழ நிற்கிறது என்றால் எதையும் தொடாதீர்கள். எடை மூன்று வாரமாக நின்றுவிட்டால் 100 கலோரி கூட்டுங்கள். எடையும் இடுப்பும் வேகமாக ஏறி, பயிற்சிப் பதிவு மட்டும் நின்றிருந்தால், உணவைக் கூட்டுவதால் அது சரியாகாது. தூக்கத்தையும் பயிற்சித் திட்டத்தையும் பாருங்கள். ஒவ்வொரு தசைக்கும் வாரம் இருமுறை பயிற்சி, வாரத்துக்குச் சுமார் பத்து கடினமான செட் (இடைவிடாமல் செய்யும் ரெப்களின் ஒரு சுற்று), மாதத்துக்கு மாதம் ஏறும் தூக்கும் எடை இவை இல்லாத உடலில் உபரி உணவுக்குப் போக வேறு இடம் கிடையாது.

சில நாள் கட்டுப்பாடு மீறும். ஒரு நாள் 1,000 கலோரி கூடுதலாகிவிட்டால் மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்ட வேண்டாம். மறுநாள் வழக்கமான 2,650க்குத் திரும்புங்கள். ஆனால் இந்த மீறல் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நடந்து, நிறுத்த முடியாமல் உண்பதும் அதன்பின் குற்றவுணர்வில் தவிப்பதுமாக இருந்தால், எண்ணுவதை நிறுத்திவிட்டு, உண்ணல் கோளாறுகளில் அனுபவமுள்ள ஒருவரிடம் பேசுங்கள். தசையைப் பிறகு கட்டிக்கொள்ளலாம்.

எப்போது நிறுத்துவது

உபரிக் காலம் நான்கிலிருந்து ஆறு மாதம் நீடிப்பது நல்லது. மெல்ல ஏறும் தசைக்கு அதற்குக் குறைந்த காலம் போதாது. எங்கே நிறுத்துவது என்பதை இடுப்புச் சுற்றளவை வைத்துத் தொடங்கும்போதே எழுதி வையுங்கள். நம் மனிதர் வாரம் கால் கிலோ வீதம் இருபது வாரம் ஏறினால் 76.5 கிலோவில் இருப்பார். ஏறிய ஐந்து கிலோவில் ஒரு பகுதி கொழுப்பாக இருக்கும், அது எதிர்பார்த்ததே. அங்கே அவர் உடனே அடுத்த டயட்டைத் தொடங்காமல், உபரியை மட்டும் நீக்கிவிட்டு மீண்டும் மூன்று நான்கு வாரம் ஒரே அளவில் உண்டு பார்க்க வேண்டும். ஆனால் பழைய 2,400க்குத் திரும்பினால் எடை இறங்கத் தொடங்கிவிடும். உடல் பெரிதாகியிருக்கிறது, அசைவும் கூடியிருக்கிறது. புதிய பராமரிப்பு எண்ணை நோட்டின் அடுத்த பக்கத்தில், நான்காம் படியில் செய்ததைப் போலவே, எடை பார்த்துத்தான் எழுத வேண்டும்.